துவம்சம்: எங்கே சொல்லலாம், எங்கே வேண்டாம்? (கேள்வி பதில்)

நாளிதழ் ஒன்றில் செய்தி திருத்தும் மேசையில் வேலை பார்த்தவன் என்பதால், சொல் பற்றிய சந்தேகம் என்றால் என் பக்கம் தள்ளிவிடுவது நம் குழுவின் வழக்கம். இந்த வாரம் எல்லாரும் ஒரே சொல்லைச் சுற்றியே கேட்டிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

"காட்டு யானைகள் வாழைத் தோட்டத்தைத் துவம்சம் செய்தன" என்று அடிக்கடி படிக்கிறேன். அழித்தன என்றால் போதாதா? (ஓசூரிலிருந்து ஒருவர்)

துவம்சம் வடசொல். நொறுங்கி விழுதல், அழிதல் என்பது அடிப்படைப் பொருள். தெலுங்கிலும் கன்னடத்திலும் அன்றாடம் புழங்குகிறது. ஓசூர்க்காரரான உங்கள் காதில் அங்கேயும் விழுந்திருக்கும்.

'அழித்தன' என்பது நடந்ததை மட்டும் சொல்லும். 'துவம்சம்' அது நடந்த வேகத்தையும் சேர்த்துச் சொல்லும். யானை புகுந்த தோட்டத்தைக் காலையில் போய்ப் பாருங்கள். மரத்தைச் சாய்த்து, மட்டையை உரித்து, உள்ளே இருக்கும் தண்டைத் தின்றிருக்கும். அந்த மரத்துக்குப் போகிற வழியில் நின்ற மரங்களும் மிதிபட்டுக் கிடக்கும். சொட்டுநீர்க் குழாய் நசுங்கியிருக்கும், வேலிக் கல் பிடுங்கிக் கிடக்கும். தின்றது கொஞ்சம், மிதித்தது மிச்சம். அதனால்தான் அங்கே இந்தச் சொல் பொருந்துகிறது. பத்து வாழைத்தாரை யாரோ இரவில் வெட்டிக்கொண்டு போனால் அது திருட்டு. அதற்குப் போய் துவம்சம் என்று எழுதக்கூடாது.

துவம்சமா, தும்சமா, துவசமா? (ஆசிரியை, திண்டுக்கல்)

எழுத்தில் துவம்சம். பேச்சில் தும்சம் என்று சுருங்கும், கதையில் உரையாடலாக வந்தால் அப்படியே விடலாம். துவசம் வேறு சொல், கொடி என்று பொருள். கோயில் கொடிமரத்தைத் துவஜஸ்தம்பம் என்கிறோமே, அந்த வழி வந்தது. மாணவர்கள் மாற்றி எழுதினால் சிவப்பு மையை எடுக்கலாம்.

நாசம், துவம்சம் இரண்டும் ஒன்றுதானே? கஜா புயலுக்கு எங்கள் பக்கம் 'நாசம்' என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். (பேராவூரணியிலிருந்து ஒருவர்)

நல்ல கேள்வி. அகராதியைப் பார்த்தால் இரண்டுக்கும் அழிவு என்றே போட்டிருக்கும். புழக்கத்தில் பெரிய வித்தியாசம் உண்டு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது உங்கள் பகுதியில் தென்னை எப்படி விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னங்கன்றைப் 'பிள்ளை' என்று சொல்கிற ஊர். தோப்பு சாய்ந்து கிடக்கையில் அதன் சொந்தக்காரர் "நாசமாப் போச்சுங்க" என்பார், "எல்லாம் போச்சு" என்பார். "துவம்சம் ஆயிடுச்சு" என்று அவர் வாயில் சட்டென்று வராது. ஏனென்றால் துவம்சம் அழித்தவர் பக்கம் நின்று பார்க்கிற சொல். அதில் ஒரு வீரமும், சொல்கிறவருக்குக் கொஞ்சம் குஷியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாசம் இழந்தவர் பக்கத்துச் சொல்.

புயலுக்குத் துவம்சம் என்று தலைப்புப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இலக்கணப்படி தப்பில்லை. ஆனாலும் சாவும் இழப்பும் உள்ள செய்தியில் நான் அதை அடித்துவிட்டு வேறு எழுதுவேன்.

நாசத்துக்கு இன்னொரு முகம், சாபம். "நாசமாப் போக" என்று வைகிறவர்கள் உண்டு, "துவம்சமாப் போக" என்று யாரும் வைவதில்லை.

கிரிக்கெட் செய்தியில் "பந்துவீச்சைத் துவம்சம் செய்தார்" என்பது அதிகப்படி இல்லையா? (கல்லூரி மாணவர், மதுரை)

இல்லை தம்பி, அந்தச் சொல்லுக்கு ஏற்ற இடமே அதுதான். 2007 செப்டம்பர் 19, டர்பன். ஸ்டூவர்ட் பிராட் ஓவரில் யுவராஜ் சிங் ஆறு பந்தையும் சிக்சருக்கு அனுப்பி, 12 பந்தில் அரைசதம் அடித்தாரே, அது துவம்சம். 40 பந்தில் 45 எடுத்தவருக்கும் அதையே போட்டால் அடுத்த யுவராஜுக்கு எந்தச் சொல் மிஞ்சும்?

தரைமட்டம், நிர்மூலம், சின்னாபின்னம்? (சென்னை)

தரைமட்டம் கட்டடங்களுக்கு. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து தரைமட்டமானது. 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் *தகர்த்தார்கள்*. தானாக விழுந்ததையும் வேண்டுமென்று வீழ்த்தியதையும் ஒரே வினைச்சொல்லில் அடக்காதீர்கள். சின்னாபின்னம் என்றால் வெட்டுண்டு, உடைந்து, துண்டு துண்டாகக் கிடப்பது. நிர்மூலம் வேரே இல்லாமல் போவது. இது மேடைக்குச் சரி, வீட்டில் யாரும் சொல்வதில்லை.

வடசொல் வேண்டாம் என்றால்? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்)

தாராளமாக இருக்கிறது: சிதைத்தல், தகர்த்தல், சூறையாடுதல், பாழாக்குதல். விருந்தினரைப் பேணுகிறவன் வாழ்க்கை "பருவந்து பாழ்படுதல் இன்று" என்கிறது குறள், அதாவது துன்பப்பட்டுப் பாழாவதில்லை. அந்தப் பாழ்தான் இன்றைக்கும் "பாழாய்ப்போன பஸ் இன்னும் வரலை" என்பதில் இருக்கிறது. ஆனால் யானை செய்தியில் 'பாழாக்கின' என்று போட்டால் வேகம் குறையும். அங்கே 'மிதித்துச் சிதைத்தன' என்று எழுதிப் பாருங்கள்.

லீவு விட்டால் பிள்ளைகள் வீட்டைத் துவம்சம் பண்ணுகிறார்கள் என்கிறேன். மாமியார் அபசகுனம் என்கிறார். (கோவை)

மாமியார் மனதில் நாசம் ஓடுகிறது போலிருக்கிறது. மெத்தையைக் கீழே இழுத்துப் போட்டு, அரிசி டப்பாவைக் கவிழ்த்து, சுவரில் கிரேயான் தீட்டியிருந்தால் நீங்கள் சொன்னது சரியான தமிழ்தான்.

பிரியாணியைத் துவம்சம் செய்தோம் எனலாமா? (சேலம்)

சொல்லலாம், நானும் சொல்லியிருக்கிறேன். வாய்க்கென்றே ஒரு சொல் வேண்டுமானால் கபளீகரம். கவளம் கவளமாக விழுங்குவது. ஆனால் ஏரி, புறம்போக்கு விழுங்குகிறவர்கள் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் பிரியாணியை ஒரு பிடி பிடியுங்கள்.