சோதனை எலியா என் பையன்?

கேள்வி: ஏழு வயது மகனுக்கு லிம்ஃபோபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோய் திரும்ப வந்துவிட்டது. புதிய மருந்துக் கூட்டு ஆய்வில் சேர்க்கலாம் என்கிறார்கள். கையெழுத்துப் போடக் கை வரவில்லை. முடி கொட்டுகிறது, நகம் கறுக்கிறது. ரத்த அணுக்கள் கூடுவதற்காக இணையத்தில் பார்த்த மூலிகைப் பொடி கொடுக்கிறேன். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்ததும் இறங்கிவிடுகிறது.

பதில்: எலி இல்லை அம்மா. 1947-48இல் சிட்னி ஃபார்பர் என்ற அமெரிக்க டாக்டர், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார். நோய் கொஞ்ச நாள் அடங்கி மறுபடி கிளம்பியது. 1960களில் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் 'குணம்' என்ற பேச்சே வந்தது. ஒன்றுக்குத் தப்பிய செல் இன்னொன்றில் மாட்டும், அவ்வளவுதான் கணக்கு. திரும்ப வந்த செல்களோ பழைய மருந்துகளுக்குத் தப்பிப் பழகியவை. அதனால் வேறு வழியில் தாக்கும் மருந்தைச் சேர்க்கிறார்கள். பிளினாடுமோமாப் என்று ஒன்று உண்டு: ஒரு கையால் உடலின் நோய் எதிர்ப்பு அணுவான டி செல்லையும், மறு கையால் புற்றுச் செல்லையும் பிடித்து இரண்டையும் முட்ட வைக்கும்.

பலிக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. இந்த ஆய்வு எத்தனையாவது கட்டம் என்று கேளுங்கள். முதல் கட்டம் என்றால், எவ்வளவு கொடுத்தால் தாங்கும் என்பதே அவர்களின் முதல் கேள்வி. கையெழுத்துப் போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; சிகிச்சை நின்றுபோகாது.

முடி வளரும், நகமும் தெளியும். விடுங்கள்.

பொடியை இன்றே நிறுத்துங்கள். கல்லீரல் கீமோ மருந்தை உடைக்கும் வேகத்தையே இது மாதிரிப் பொடிகள் மாற்றிவிடலாம். பொட்டலத்தை அப்படியே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னைப் பதற வைத்தது உங்கள் கடைசி வரிதான். நியூட்ரோஃபில், அதாவது கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணு, 500க்குக் கீழே போன குழந்தைக்குப் பெரும்பாலும் சீழ் பிடிக்காது, சிவக்கவும் செய்யாது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதையும் பாராசிட்டமாலால் மறைத்தால், தெர்மாமீட்டர் இறங்கும், ரத்தத்தில் கிருமி ஏறும். 38 டிகிரி, அதாவது ஃபாரன்ஹீட்டில் 100.4 தொட்டால், நடுராத்திரியானாலும் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். காய்ச்சலே இல்லாமல் கை கால் சில்லிட்டுச் சோர்ந்து கிடந்தாலும், உடம்பில் பொருத்திய மருந்துக் குழாயைக் கழுவியதும் உடம்பு நடுங்கினாலும் அப்படித்தான்.

அப்புறம், ஆய்வில் தரும் மருந்துகளின் பெயர், கடைசியாகக் கொடுத்த தேதி இரண்டையும் எழுதித் தெர்மாமீட்டர் டப்பாவுக்குள் வையுங்கள். ராத்திரி டியூட்டி டாக்டருக்கு உங்கள் பையனைத் தெரியாது.