வீட்டில் நோயாளி இருக்கும்போது ஜெபம்: கேள்வி பதில்

(பதில் சொல்பவர் நாகர்கோவில் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நர்ஸ். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரர். நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் ஜெபித்து வருபவர்.)

தக்கலை: அக்கா, அப்பாவுக்கு கீமோ நடக்குது. திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு விடியுமுன்னே கிளம்பணும். முன்னெல்லாம் காலையில ஒரு மணி நேரம் வேதம் வாசிச்சு ஜெபிப்பேன். இப்போ அஞ்சு நிமிஷம்கூட கிடைக்கல. மனசு உறுத்துது.

அந்த ஒரு மணி நேரத்தை இப்போதைக்கு விட்டுவிடு மக்கா. உன் வீடு இப்போது மாத்திரை நேரத்துக்குத்தான் ஓடுகிறது. ஜெபத்தையும் அதோடு சேர்த்துக் கட்டிவிடு. காலை மாத்திரையைப் பிரிக்கும்போது சங்கீதம் 143:8. இரவு மாத்திரை கொடுத்த பிறகு 4:8, "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்." இரண்டும் சீக்கிரம் மனப்பாடமாகிவிடும். ஓபியில் டோக்கனுக்குக் காத்திருக்கும்போது 131ஆம் சங்கீதம் படி, மூன்றே வசனம். 117 அதைவிடச் சின்னது, இரண்டே வசனம். ஜெபத்தில் பாதியிலேயே கண் அசந்துவிட்டால் அசந்துவிட்டுப் போகட்டும். எலியா "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு அவர் திரும்பவும் படுத்துக்கொண்டார் (1 இராஜாக்கள் 19).

நர்ஸாக ஒன்று சொல்கிறேன். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று இருக்காதே. ஜெபத்தை வண்டியில் வைத்துக்கொள்.

குளச்சல்: அம்மாவுக்கு மூச்சுத்திணறல். ஜெபமாலையை முழுசா முடிக்கணும்னு அண்ணன் பிடிவாதம். அம்மா பாதியிலேயே சோர்ந்துபோறாங்க. ஃபாதரைக் கூப்பிட்டு எண்ணெய் பூசவும் பயமா இருக்கு. தன் கதை முடிஞ்சுதுன்னு அம்மா நினைச்சிருவாங்களோ?

நான் வேறு சபை என்றாலும் கத்தோலிக்க வீடுகளில் நிறைய இரவுகள் கண்விழித்தவள். ஜெபமாலையில் பத்துப் பத்து மணிகளாக ஐந்து பகுதி இருக்கிறதல்லவா, அம்மா பக்கத்தில் ஒரு பகுதி போதும். மீதி நான்கையும் அண்ணன் முன்னறையில் உட்கார்ந்து சொல்லி முடிக்கட்டும். செவ்வாயும் வெள்ளியும் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் துயர மறைபொருள் அல்லவா, அதில் முதலாவதான கெத்சமனியை மட்டும் அம்மாவோடு சொல்லுங்கள். மாலையை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள், வாய் திறக்க வேண்டியதில்லை. அந்த அறையில் சாம்பிராணி வேண்டாம். ஆக்சிஜன் வைத்திருந்தால் மெழுகுவர்த்தி கூடவே கூடாது, தீப்பிடிக்கும்.

நோயில் பூசுதல் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமானதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே சொல்லிவிட்டது. பெரிய ஆபரேஷனுக்கு முன்பும் வாங்கலாம், நோய் முற்றினால் மறுபடியும் வாங்கலாம். ஃபாதர் திடீரென்று வாசலில் வந்து நின்றால்தான் அம்மா பயப்படுவார்கள். இரண்டு நாள் முன்பே அவர்களிடமே கேளுங்கள். பல தாய்மார்கள் "எப்போ கூப்பிடுவீங்கன்னு பார்த்துக்கிட்டுல்லா இருந்தேன்" என்பார்கள்.

மார்த்தாண்டம்: ஜெபிக்க வர்ற ஒருத்தர், இன்சுலினை நிறுத்தினாத்தான் விசுவாசம்னு அம்மாகிட்ட சொல்லிட்டுப் போறார். அம்மாவும் ஊசி வேண்டாங்கறாங்க.

ஊசியை நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொன்னவரை இனி அறைக்குள் தனியாக விடாதீர்கள். மரியாதைக்குறைவாகத் தெரிந்தால் தெரியட்டும்.

எசேக்கியா ராஜாவின் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், 2 இராஜாக்கள் 20. குணமாக்குவேன், ஆயுசில் பதினைந்து வருஷம் கூட்டுவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். பவுல் லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்றே எழுதுகிறார். அதுவும் நம்ம ஊரில் இந்தப் பேச்சு எப்படி எடுபடுகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. 1838இலேயே நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. நம் பாட்டிமார் வேதமும் மருந்தும் ஒரே வளாகத்தில்தான் வாங்கினார்கள். ஊசி போடும்போதே ஜெபியுங்கள், அம்மா சம்மதிப்பார்கள்.

குவைத், சொந்த ஊர் இரணியல்: அப்பா படுக்கையில. நான் இங்கேயிருந்து ஜெபிக்கிறதைத் தவிர என்ன செய்ய?

இங்கே இரவு எட்டு மணி குடும்ப ஜெபம் என்றால் உங்களுக்கு மாலை ஐந்தரை. வீடியோவில் வந்து பத்து நிமிஷம் இருங்கள். அப்புறம் தம்பி, அப்பாவுக்குக் கூட நிற்பது உங்கள் தங்கச்சிதானே? வாரத்தில் இரண்டு இரவுக்காவது ஹோம் நர்ஸுக்குப் பணம் அனுப்புங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7).

நாகர்கோவில்: ஜெபிக்க உட்கார்ந்தா கடவுள் மேல கோபம்தான் வருது.

அதையே அவரிடம் சொல்லுங்கள். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறது. 88ஆம் சங்கீதம் கடைசி வரியிலும் ஆறுதல் இல்லாமலே முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது.

குலசேகரம்: இனி சிகிச்சை இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கன்னுட்டாங்க. வலிக்கு மார்ஃபின் கொடுத்திருக்காங்க. சுகம் கேட்கிறதை நிறுத்தினா விசுவாசக்குறைவா? மார்ஃபின் பாவமா?

பாவமில்லை. வலியைக் குறைக்க இப்படிப்பட்ட மருந்து கொடுக்கலாம் என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1957இலேயே சொல்லியிருக்கிறார். டாக்டர் எழுதிய அளவில், எழுதிய நேரத்தில் கொடுங்கள். வலி தாங்க முடியாமல் கத்தும்வரை தள்ளிப்போடாதீர்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

சுகம் கேட்பதை நீங்கள் நிறுத்த வேண்டாம், ஆனால் அதை அப்பாவின் காதுக்கு மேல் நின்று கேட்காதீர்கள். "நான் இன்னும் எழும்பலையே, என் விசுவாசம்தான் போதாதோ" என்று மனம் நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் பக்கத்தில் இருக்கும்போது இன்றிரவு வலி குறைய வேண்டும், தூக்கம் வர வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பவுல் தன் உடலை வாட்டிய "முள்" நீங்க மூன்று தடவை கேட்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. அவரை யாரும் விசுவாசம் குறைந்தவர் என்று சொல்வதில்லை.

கொட்டாரம்: அப்பாவுக்கு நினைவு இல்லை. நாம ஜெபிக்கிறது காதுல விழுமா?

விழும் என்றே வைத்துக்கொண்டு நடங்கள். எங்களுக்கு வார்டில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். அவர் சின்ன வயதில் பாடிய கீர்த்தனையைக் காதருகே மெல்லப் பாடுங்கள், கையைப் பிடித்துக்கொண்டு "பரமண்டலங்களிலிருக்கிற" ஜெபத்தைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி பில்லையும் தோப்பு யாருக்கு என்பதையும் முற்றத்தில் போய்ப் பேசுங்கள்.