முந்திரிக்கு உயிர் உரம் மட்டும் போதுமா?

கேள்வி: ஐயா, பண்ருட்டி பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு. 2011 தானே புயலில் பழைய மரங்கள் சாய்ந்த பிறகு வி.ஆர்.ஐ. 3 ரக ஒட்டுக்கன்று நட்டோம். இப்போது காய்ப்பு குறைந்துவிட்டது, கொட்டையும் சிறுத்துப் போகிறது. யூரியாவை அடியோடு நிறுத்திவிட்டு அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரம் மட்டும் போட்டால் போதும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம், அப்படிச் செய்யாதீர்கள். அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பயிருக்குச் சேர்த்துத் தரும் உயிருள்ள நுண்ணுயிர். தின்ன மக்கிய உரமும் ஈரமும் இல்லாத மொட்டைச் செம்மண்ணில் தூவினால் வெயிலில் செத்துப்போகும்.

வளர்ந்த மரத்துக்கு ஆண்டுக்கு 500 கிராம் தழைச்சத்து, 200 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 300 கிராம் சாம்பல் சத்து (பொட்டாஷ்) என்பது பொதுவான பரிந்துரை. 50 கிலோ மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 250 கிராம் இருக்கும். இரண்டு கிலோ வேப்பம் பிண்ணாக்கு இன்னொரு 100 கிராம் தரும். அதனால் முதல் ஆண்டு யூரியாவைப் பாதியாகக் குறையுங்கள், மரத்தைப் பார்த்து மேலும் குறைக்கலாம்.

சரி, எப்படிப் போடுவது? எங்கள் தோப்பில் ஆவணி மழைக்குப் பிறகு, அடிமரத்திலிருந்து ஐந்தாறு அடி தள்ளி ஒரு சாண் ஆழத்துக்கு வட்டமாகப் பள்ளம் எடுப்போம். அடிமரத்தை ஒட்டிக் கொட்டுவது வீண், சத்தை உறிஞ்சும் வேர் அங்கே இல்லை. 200 கிராம் அசோஸ்பைரில்லம் பாக்கெட் ஒன்று, மண்ணிலுள்ள மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா பாக்கெட் ஒன்று, இரண்டையும் நான்கு மரத்துக்கான தொழு உரத்தில் நிழலில் கலந்து, தண்ணீர் தெளித்து, அன்றே பள்ளத்தில் போட்டு மூடிவிடுவோம். ரசாயன உரத்தையோ சாம்பலையோ இதோடு சேர்க்கக் கூடாது, பதினைந்து நாளாவது இடைவெளி வேண்டும். மக்காத பச்சைச் சாணத்தையும் போடாதீர்கள், கரையான் வந்துவிடும்.

எனக்கு மனசு ஆறாதது சருகு விஷயம்தான். கொட்டை பொறுக்க வசதியாக மாசியில் தோப்பைக் கூட்டி, சருகைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். மரம் ஆண்டு முழுக்கச் சேர்த்த சத்து அரை மணி நேரத்தில் புகையாகிறது. கூட்டுங்கள், கொளுத்தாதீர்கள். தோப்பு ஓரத்தில் குழியில் போட்டு, சாணிக் கரைசல் தெளித்து வையுங்கள். முந்திரி இலை தடித்தது, மக்க மாதக்கணக்கில் ஆகும், பொறுத்திருங்கள். அதை உரப் பள்ளத்தின் மேல் பரப்பினால், கார்த்திகை மழைக்குப் பிறகு கையால் விலக்கிப் பாருங்கள். மக்கிய சருகுக்குள் மெல்லிய வேர்கள் மேலேறிப் பின்னிக் கிடக்கும்.

அப்புறம், பூங்கொத்து கருகுகிறதா என்றும் பாருங்கள். கருகினால் அது தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியின் வேலையாக இருக்கலாம், எந்த உரமும் அதைத் தீர்க்காது. பருப்பு தேற வேண்டுமானால் பழத்தோடு தானாக விழுந்த கொட்டையை மட்டும் பொறுக்கி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து மூட்டை கட்டுங்கள். உலுக்கி விழவைத்த கொட்டையில் பருப்பு சுருங்கித்தான் இருக்கும்.