அம்மாவோட நைரோபியில ஒரே நாள் சஃபாரி: மசாய் மாரா வேணாங்க

கையில ஒரே ஒரு நாள், முதுகுவலி இருக்குற அம்மா, இதுல கென்யாவோட பிரபலமான வனவிலங்கு காப்பகம் மசாய் மாராவுக்கு போய்ட்டு ராத்திரிக்குள்ள நைரோபி திரும்பிடலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு வேணாங்க, போக அஞ்சாறு மணி நேரம், வர அஞ்சாறு மணி நேரம், கடைசி தூரம் குலுக்கி எடுத்துடும், அம்மா பாவம்.

அதுக்கு பதிலா நைரோபி நேஷனல் பார்க் போங்க, 1946ல திறந்தது, சுமார் 117 சதுர கிமீ, சிட்டிய ஒட்டியே இருக்கு. காலைல 6 மணிக்கே கேட்ல நில்லுங்க, வெயில் ஏறிட்டா சிங்கம் புதருக்குள்ள படுத்துரும். நான் போனப்ப கருப்பு காண்டாமிருகம் ஒன்னு ரோட்டோரமா நின்னுச்சு, டிரைவர் இன்ஜினை ஆஃப் பண்ணதும் அது முள்ளுச்செடிய நறுக் நறுக்குன்னு கடிக்கிற சத்தம் அப்படியே கேட்டுச்சு, முதுகுல ரெண்டு குருவி உண்ணி கொத்திட்டு இருந்துச்சு, இன்னும் கண்ணுலயே நிக்குது.

யானை மட்டும் அந்த பார்க்ல கிடையாது. அம்மா ஆசைப்பட்டா பக்கத்துலயே ஷெல்ட்ரிக் குட்டி யானை காப்பகம் இருக்கு, பகல் 11ல இருந்து 12 வரைதான், முன்கூட்டியே புக் பண்ணிடுங்க. வண்டில அம்மாவ பின் சக்கரத்துக்கு மேல இருக்குற சீட்ல மட்டும் உக்கார வைக்காதீங்க, அங்கதான் குலுக்கல் அதிகம்.

அப்புறம் இந்தியா திரும்புறப்ப மஞ்சள் காய்ச்சல் ஊசி கார்டு கேப்பாங்க, கிளம்ப 10 நாளைக்கு முன்னாடியே போட்டிருக்கணும், அம்மாவுக்கு 60 தாண்டிடுச்சுன்னா முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.