அந்தப் பிள்ளை எந்த விதியை நிரூபித்தது?

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று மருத்துவ பீடத்துக்குத் தெரிவானதற்குப் பாராட்டு விழா வைத்தோம். பேச வந்த ஒருவர், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது, இது ஒரு விதிவிலக்கு, 'எக்செப்ஷன் புரூவ்ஸ் த ரூல்' என்றார். விதிவிலக்கு எப்படி ஐயா விதியை நிரூபிக்கும்?
- வாசகர், தலவாக்கலை

பதில்: அவர் சொன்ன விதத்தில் நிரூபிக்காது. ஒரு பிள்ளை படித்துக் காட்டிவிட்டால் 'படிப்பு ஏறாது' என்ற பேச்சு அங்கேயே உடைந்துபோகிறது.

'புரூவ்' என்றால் சோதிப்பது, அதாவது விதிவிலக்கு வந்து விதியைச் சோதிக்கிறது என்று சிலர் விளக்குவார்கள். அப்படி ஒரு பழைய பொருள் இருப்பது உண்மைதான், ஆனால் இந்தத் தொடர் அங்கிருந்து வரவில்லை, சட்டத்திலிருந்து வந்தது. ஒன்றை விலக்கு என்று எழுதிவிட்டால், விலக்கப்படாத மற்றதற்கெல்லாம் விதி உண்டு என்பதுதான் அந்த இலத்தீன் சட்ட வாசகம். 'போயா தினத்தில் கடை பூட்டு' என்று போர்டு தொங்கினால், மற்ற நாளில் கடை திறந்திருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதன் வேர் கி.மு. 56இல் ரோம வழக்கறிஞர் சிசரோ வாதாடிய வழக்கில் இருக்கிறது, அதுவும் ஒரு பிரஜாவுரிமை வழக்கு. இன்றைய ஸ்பெயினின் காடிஸ் நகரத்துக்காரரான பால்பஸுக்கு ரோமப் பிரஜாவுரிமை கொடுத்தது செல்லாது என்றார்கள். வேறு சில இனத்தாரோடு ரோம் செய்த உடன்படிக்கைகளில், அவர்களில் யாரையும் பிரஜையாக ஏற்கக் கூடாது என்ற விலக்கு இருந்தது, காடிஸோடு செய்ததில் அது இல்லை. விலக்கு எழுதிய இடத்தில் தடை என்றால் எழுதாத இடத்தில் அனுமதிதானே என்று சிசரோ கேட்டார், பால்பஸ் ஜெயித்தார். ஒரு மனிதரை உள்ளே சேர்க்க எழுந்த வாதம் இது. இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பிரஜாவுரிமை இல்லாமல் போய், 2003இல் வந்த சட்டம் வரைக்கும் நாடற்றவர்களாகவே கிடந்த குடும்பங்கள் வாழும் மலையகத்தில், அதே வாதத்தை நம் பிள்ளைகளை வெளியே நிறுத்துவதற்கு ஒருவர் எடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம், படிப்பு ஏறாததற்குக் காரணம் பிள்ளைகளிடமா இருக்கிறது? தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதற்கு முன் பல இடங்களில் ஐந்தாம் வகுப்போடு சரி. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க இன்றும் டவுனுக்கு பஸ் ஏற வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சாளர் மறுபடி மேடையேறினால், அந்த விதியை யார் போட்டது என்று எழுந்து நின்று கேளுங்கள்.