உடற்கல்வி வகுப்பால் பிள்ளைகளின் குணம் வளருமா?

என் மகன் படிக்கும் பள்ளியில் விளையாட்டு வகுப்பு ஒழுக்கத்தை வளர்க்கும் என்கிறார்கள், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். 22 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் என் பதில்: வளர்க்கும், ஆனால் தானாக வளர்க்காது. பொய் சொல்லித் தப்பிக்கவும், ஓடத் தெரியாதவனை ஒதுக்கவும்கூடப் பிள்ளைகள் அதே மைதானத்தில்தான் பழகிக்கொள்கிறார்கள்.

கபடியை எடுத்துக்கொள்ளுங்கள். பாடி வருகிற பையனின் விரல் நுனி எதிரணிக்காரனின் முதுகில் பட்டதா இல்லையா என்பது பல நேரங்களில் அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். முறையான போட்டியில் நடுவருடன் இரண்டு அம்பயர்கள் நிற்பார்கள். பள்ளியிலோ 14 பேர் ஆட்டத்துக்கும் ஒரே விசில்தான். தொடக்க ஆண்டுகளில் எல்லாத் தீர்ப்பையும் நானே சொன்னேன். அதன் விளைவாக, சார் பார்க்கவில்லை என்றால் படவில்லை என்பதே மாணவர்களின் சட்டமாகிவிட்டது.

பிறகு எட்டாம் வகுப்பில் ஒரு விதியைக் கொண்டுவந்தேன்: தொடப்பட்டவர் தாமே கை உயர்த்த வேண்டும், அதன் பிறகுதான் நான் விசில் ஊதுவேன். பல வாரங்கள் ஒரு கையும் உயரவில்லை. ஒருநாள் புள்ளிகள் சமமாக இருந்தபோது, கடைசியாக ஒருவன் பாடி வந்தபோது, நான் கவனிக்காத ஒரு தொடுதலுக்கு ஒரு மாணவன் கை உயர்த்தினான். அவனுடைய அணியே அவனைத் திட்டித் தீர்த்தது. ஆட்டம் முடிந்ததும் அனைவரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, எதிரணியில் ஒருவன் இப்படிப்பட்ட தொடுதலை மறைத்து நீங்கள் தோற்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் சிலர் கை உயர்த்தத் தொடங்கினார்கள், எல்லோரும் அல்லர்.

சிகாகோவில் வறிய பகுதிப் பிள்ளைகளோடு பல்லாண்டுகள் பணியாற்றிய டான் ஹெலிசன் என்ற உடற்கல்விப் பேராசிரியர், பிறர் உரிமையையும் உணர்வையும் மதித்தல், முயற்சி, தன்னைத் தானே நெறிப்படுத்துதல், பிறருக்கு உதவுதல், இவற்றை மைதானத்துக்கு வெளியிலும் கடைப்பிடித்தல் எனப் பொறுப்பைப் படிப்படியாக வகுத்தார். வகுப்பின் முடிவில் மாணவர்களை உட்காரவைத்துப் பேசுவதும் அவர் முறையின் ஒரு பகுதி. அந்தப் பேச்சுக்கு ஒதுக்கும் ஐந்து நிமிடங்கள் இல்லாவிட்டால், கை உயர்த்தியவன் திட்டு வாங்கியதோடு கதை முடிந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

ஆசிரியரின் பழக்கங்களும் பாடமாகின்றன. வீட்டுப்பாடம் எழுதாதவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டால், ஓட்டம் தண்டனை என்று அவன் கற்றுக்கொள்கிறான். தலைவர்களை விட்டு ஆள் பிரிக்கச் சொன்னால், கடைசி வரை யாரும் அழைக்காமல் நிற்கும் பிள்ளை தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. அதனால் நான் சீட்டுக் குலுக்கியே அணி பிரித்தேன். வாரம் ஒரு மாணவரிடம் விசிலைக் கொடுத்தபோது, நடுவராக நின்று வசவு வாங்கியவர்கள் பின்னர் நடுவரை எதிர்த்துக் கத்துவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவுக்கும் நேரம் வேண்டும். தேர்வு நெருங்கியதும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. எனவே உங்கள் மகனிடம், கால அட்டவணையில் உள்ள அந்த வகுப்பு இந்த மாதம் எத்தனை முறை உண்மையில் நடந்தது என்பதை முதலில் கேளுங்கள்.