பதில்: சாட்ஸ்வொர்த்தில் குட்டி போட்ட தெருநாய்

அக்கா, கொல்லையில் குட்டி போட்ட தெருநாய் பையன் கையை லேசாகக் கடித்துவிட்டது, விலங்குப் பாதுகாப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.வுக்குச் சொன்னால் கொன்றுவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். நாய் அப்புறம், முதலில் பையன். தென்னாப்பிரிக்காவில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வெறிநோய் இன்னும் இருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு, காயத்தைச் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். இன்றைக்கே கிளினிக் கூட்டிப் போங்கள். சின்னப் பல் தடம்தானே என்று விடாதீர்கள். நோயின் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

சரி, நாய். ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் டர்பன் எஸ்.பி.சி.ஏ.வுக்குப் போன் போட்டு, கடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள். எல்லாம் பிழைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் பால்குடி மறக்காத குட்டிகளைத் தாயோடு விட்டுவைக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் வரும்வரை நாய்க்குத் தண்ணீரைக் கொஞ்சம் தூரத்தில் வையுங்கள், கிட்டே போகாதீர்கள். அக்கம்பக்கத்தில் யாரும் குட்டி கேட்டாலும் இப்போது கொடுக்காதீர்கள். இங்கே நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய் ஊசி சட்டப்படி கட்டாயம்.